டிரங்குப் பெட்டியிலிருந்து ஒட்டோவியம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய புகைப்படங்களையும் உதிரிக் காகிதங்களையும் கொண்டு ஒட்டோவியம், அதாவது கொலாஜ், செய்வதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களின் கேள்விகளில் எட்டுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பலர் ஒன்றையே கேட்டிருந்தால், அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். உதிரிக் காகிதம் என்று நான் சொல்வது பேருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது, தீப்பெட்டி லேபிள், சினிமா நோட்டீஸ், அஞ்சலட்டை போன்றவற்றை. ஒரு நாளைக்கோ ஒரு மாதத்துக்கோ என்று அச்சிட்டு, தூக்கி எறியப்படாமல் எப்படியோ தப்பியவை அவை.

*எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மளிகைக் கடைச் சீட்டுகள், ஒரு பேரேடு எல்லாம் கிடைத்தன. தம்பியின் புதுமனை புகுவிழாவுக்கு இவற்றைக் கொண்டு ஒரு கொலாஜ் செய்து தர ஆசைப்படுகிறேன். அம்மாவோ, “செத்தவங்க படத்துல கத்திரி வைக்காதே” என்று தடுக்கிறார். இது வெறும் நம்பிக்கைதானே?*
– வாசகி, கும்பகோணம்

உங்கள் அம்மா எந்தக் காரணத்தால் சொல்லியிருந்தாலும், சொன்னது சரி. அசல் புகைப்படத்தில் கத்தரிக்கோல் படக்கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். அதைக் கற்றுக்கொண்ட விதம் இன்றும் எனக்கு வலிக்கிறது. இருபது வயதில், என் அத்தையின் உருவத்தை மட்டும் ஒட்டோவியத்தில் சேர்க்க வேண்டும் என்று, வீட்டில் இருந்த ஒரே குழுப்படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்தேன். மீதிப் படம் எங்கோ போயிற்று. அத்தை காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஒட்டோவியத்தை ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், அவருடைய இடது தோளில் நான்கு விரல்கள் இருப்பதையும், அவற்றில் ஒன்றில் நெளி மோதிரம் கிடப்பதையும் கண்டேன். அத்தைக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்தவர் யார்? பாட்டியா, கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெரிய அத்தையா? கேட்க ஆளும் இல்லை, பார்க்கப் படமும் இல்லை.

ஆகவே கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு முழு மாலைப் பொழுதை அம்மாவோடு செலவிடுங்கள். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்டு, ஒரு நோட்டில் எண் போட்டு எழுதுங்கள். அதே எண்ணைப் படத்தின் பின்புறம் ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் குறியுங்கள். பேனா வேண்டாம்; மை முன்பக்கம் வரை ஊறும், அழுத்தினால் முகத்தின் மேல் தடம் விழும். பிறகு படத்தின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். தபால்தலை அளவில் இருக்கும் சிறு படங்களுக்கு 1200 வையுங்கள். அந்தக் கோப்பிலிருந்து எடுக்கும் அச்சுப் பிரதியை எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டலாம், தவறினால் மறுபடி அச்சிடலாம், பெரிதாக்கலாம், இடவலம் மாற்றலாம். அமெரிக்காவில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஒட்டோவியம் அமைத்துப் புகழ்பெற்ற ஜோசப் கார்னெல் (1903–1972) பல இடங்களில் பழைய படங்களின் ஃபோட்டோஸ்டாட் பிரதிகளையே பயன்படுத்தினார். பிரதி என்பதால் அவருடைய கலையின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

உதிரிக் காகிதங்களுக்கு என் விதி வேறு. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சள், கம்பியில் குத்திவைத்ததால் ரசீதின் நடுவில் விழுந்த ஓட்டை, அஞ்சல் முத்திரை பதிந்த பள்ளம் ஆகியவை பிரதியில் வருவதில்லை. காகிதத்தின் அந்த உடம்புக்காகத்தான் நாம் ஒட்டோவியம் செய்கிறோம். எனவே ஒரே பத்திரிகையில் இரண்டு பிரதிகள் இருந்தால் ஒன்றை அசலாகவே ஒட்டுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அதை உறையில் போட்டு வையுங்கள். பேரேட்டிலிருந்து மட்டும் ஒரு தாளையும் கிழிக்காதீர்கள், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்ததால்தான், அவை இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் நூலகத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. உங்கள் பாட்டியின் மளிகைக் கணக்கும் அப்படி ஒருவருக்குப் பயன்படலாம்.

*எந்தப் படத்திலும் தேதி இல்லை. காலத்தைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?*
– வாசகர், மதுரை

உண்டு. ஒட்டோவியக்காரருக்கு இது அவசியமான அறிவும்கூட. 1940களின் முகத்தையும் 1980களின் சீட்டையும் அருகருகே வைப்பது தவறில்லை, ஆனால் தெரிந்து வைக்க வேண்டும்.

உதிரிக் காகிதங்களில் தொடங்குவது எளிது, ஏனெனில் அவை தங்கள் வயதைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. “நயா பைசா” என்று இருந்தால் அதிலிருந்து 1964 வரையிலான ஏழு ஆண்டுகளுக்குள் வரும். 1964 ஜூன் முதல் “நயா” என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15க்குப் பிந்தையது. “சென்னை-4” என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது, ஆனால் பழக்கத்தை விடாமல் பின்னாளிலும் அப்படி அச்சிட்டவர்கள் உண்டு. “சென்னை மாகாணம்” அல்லது “சென்னை ராஜ்யம்” என்ற முகவரியைப் பார்த்தால், மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய 1969 ஜனவரிக்கு முன்னே போங்கள். இன்லண்ட் லெட்டர் என்றால் 1950க்கு முன் இருக்க முடியாது.

நான் முதலில் பார்ப்பது எழுத்தை. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரம் துதிக்கைபோல் மேலே சுருண்டும், ணா, றா, னா ஆகியவை காலோடு சேர்ந்து வளைந்தும் அச்சாகியிருந்தால் அது 1978க்கு முந்தைய வடிவம். அந்த ஆண்டு அக்டோபரில்தான் எழுத்துச் சீர்திருத்தத்துக்கான அரசாணை வந்தது. இதிலும் ஒரு விலக்கு உண்டு. பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். ஆகவே ஒரு துண்டறிக்கையில் எழுத்து புதிதாகவும் விலை அணாவிலும் இருந்தால் குழம்ப வேண்டாம். உங்கள் கையில் இருப்பது சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த ஒன்றாக இருக்கக்கூடும், அதை வெட்டவே வேண்டாம்.

புகைப்படத்தில் நிறத்தையும் அட்டையையும் பாருங்கள். செம்பழுப்பு நிறம், வெளிச்சப் பகுதிகளில் மஞ்சள், மேற்பரப்பில் பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரியும் நுண்ணிய வெடிப்புகள், தடித்த அட்டையில் ஒட்டிய மெல்லிய தாள் ஆகியவை சேர்ந்திருந்தால் முட்டையின் வெண்கருவைப் பூசித் தயாரித்த ஆல்புமென் தாளாக இருக்கலாம். அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. அட்டை ஏறத்தாழ 10 செ.மீ.க்கு 6.5 செ.மீ. இருந்தால் அதற்கு விசிட்டிங் கார்டு அளவு என்று பெயர். பாரிசில் திஸ்தெரி என்பவர் 1854இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அதற்குப் பின் வந்த, நம் பாட்டனார் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பூசிய தாள்கள். அவற்றைச் சாய்த்துப் பிடித்தால் கறுத்த பகுதிகளின் ஓரத்தில் நீலங்கலந்த உலோகப் பளபளப்பு தெரியும். அது அழுக்கன்று, படத்துக்குள் இருக்கும் வெள்ளியே மேலே வந்திருக்கிறது. துடைத்துவிடாதீர்கள்.

*ஃபெவிகால் போதாதா? தனியாகப் பசை காய்ச்ச வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே?*
– வாசகி, திருநெல்வேலி

குழந்தைகளின் பள்ளி வேலைக்குப் போதும். வீட்டுச் சுவரில் அடுத்த தலைமுறை பார்க்க வேண்டிய ஒன்றுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. வெள்ளைப் பசை காய்ந்தபின் பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடுகிறது. தவறாக ஒட்டிய துண்டைப் பிரித்தால் காகிதத்தின் தோலும் சேர்ந்து வரும். மாவுப் பசையானால், ஈரம் காட்டிப் பொறுமையாகப் பிரித்து எடுக்கலாம். பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பவர்கள் உலகெங்கும் கோதுமை மாச்சத்துப் பசையை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அந்த மாச்சத்து உங்கள் ஊர்க்காரருக்குப் புதிதன்று. அல்வாவுக்காகக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிகிறீர்களே, அந்தக் கோதுமைப் பால்தான் அது. பாலை இரவு முழுதும் அசையாமல் வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய வெண்மையான வண்டலை மட்டும் எடுங்கள். ஒரு பங்கு வண்டலுக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு, மிகச் சிறு தீயில் கை விடாமல் இருபது, இருபத்தைந்து நிமிடம் கிண்டினால், பால் நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆகும். ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்டித் தேவைக்கேற்ப நீர்விட்டுக் கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியில் மூன்று, நான்கு நாள் இருக்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. நீங்கள் கலக்காதீர்கள். துத்தத்தில் உள்ள செம்பு காலப்போக்கில் காகித நாரை அரித்துப் பழுப்பாக்கிவிடும். மாவுப் பசையை வெள்ளிப்பூச்சி விரும்பித் தின்னும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து, பசையை மெல்லியதாகப் பூசுவதும், சட்டத்தின் பின்புறத்தை இடைவெளி இல்லாமல் மூடுவதும்.

இன்னொன்று. ஈரப் பசை பட்டதும் தாள் விரியும், காயும்போது சுருங்கும், அட்டை வளைந்துவிடும். இதைச் சமாளிக்க அட்டையின் பின்புறத்திலும் அதே அளவு வெற்றுத் தாள் ஒன்றை ஒட்டுங்கள். இரு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டு அட்டை நேராக நிற்கும். மை உறிஞ்சும் தாளுக்கு இடையில் வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். உங்கள் அச்சுப் பிரதி சாதாரண இன்க்ஜெட் மையில் எடுத்தது என்றால் பசையின் ஈரம் பட்டு முகம் கரைந்துவிடும்; லேசர் பிரதியோ, நீரில் கரையாத பிக்மென்ட் மைப் பிரதியோ எடுங்கள்.

*தாத்தாவின் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும் என்கிறார்கள்.*
– வாசகர், நாகப்பட்டினம்

ஊறவைக்காதீர்கள். இழுக்கவும் வேண்டாம். கடலோரக் காற்றின் ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டது. இழுத்தால் தாள் உங்கள் கையிலும் தாத்தாவின் முகம் கண்ணாடியிலும் மிஞ்சும். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்கள். படத்தைச் சுவரோரம் நேராக நிறுத்தி, ஃபிளாஷை அணைத்து, இரு பக்கமிருந்தும் சாய்வாக வெளிச்சம் விழச் செய்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டினால் கண்ணாடியில் எதிரொளி விழாது. அசலைக் கண்ணாடியோடு அப்படியே வைத்திருங்கள். இனிமேல் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஓர் அட்டை விளிம்பு வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், அந்தச் சிறு இடைவெளி போதும்.

*ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் மகன், மற்றவர் எடுத்த படத்தை வெட்டி ஒட்டுவது கலையாகாது என்கிறான். நான் ஓய்வு பெற்ற பிறகு இதைத் தொடங்கியவள். அவனுக்கு என்ன பதில் சொல்வது?*
– வாசகி, சேலம்

முதலில், வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற அம்மையார் வண்ணத் தாள்களை நுணுக்கமாக வெட்டி மலர்களை உருவாக்கத் தொடங்கியபோது அவருக்கு 72 வயது. மேசைமேல் கிடந்த சிவப்புத் தாள் ஒன்றும் அருகிலிருந்த ஜெரேனியப் பூவின் இதழும் ஒரே நிறமாக இருப்பதைக் கண்டு தொடங்கிய வேலை அது. பார்வை மங்கி 1782இல் நிறுத்துவதற்குள் ஆயிரத்தை நெருங்கிவிட்டார். கறுப்புப் பின்னணியில் மலர்ந்து நிற்கும் அந்தப் பூக்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன.

மகன் நவீனக் கலை படிப்பவர் என்றால் 1912ஐ அவருக்கு நினைவூட்டுங்கள். பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைப் பிக்காசோ தம் ஓவியத்தில் ஒட்டியதும், மரக் கோடுகள் அச்சிட்ட சுவர்த்தாளை ஓவியர் பிராக் தம் கரிக்கோட்டு ஓவியத்தில் ஒட்டியதும் அந்த ஆண்டில்தான். ஜெர்மனியில் ஹன்னோவர் நகரத்துக் குர்ட் ஷ்விட்டர்ஸ், டிராம் சீட்டுகளையும் மிட்டாய் உறைகளையும் பொறுக்கி ஒட்டினார். முதல் உலகப் போர் எல்லாவற்றையும் உடைத்துவிட்ட பிறகு, உடைந்தவற்றிலிருந்துதான் எதையும் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நான் மிகவும் நேசிப்பது ஹன்னா ஹோக்கை. பெர்லினில் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனத்தில் பெண்களுக்கான பின்னல், பூவேலை மாதிரிகளை வரைந்து சம்பாதித்தவர். அப்படிப்பட்ட பத்திரிகைகளில் வந்த படங்களையே வெட்டி, அரசியல்வாதிகளின் தலையை நடனக்காரிகளின் உடலில் பொருத்தினார். 1920இல் பெர்லினில், பழைய கலை மரபுகளைக் கேலி செய்த ‘தாதா’ என்ற கலைஞர் குழுவின் கண்காட்சியில் வைக்கப்பட்ட அவருடைய பெரிய படத்தின் தலைப்பிலேயே சமையலறைக் கத்தி வருகிறது. தாதா குழுவின் ஆண்கள் அவரை ஓரமாகவே வைத்திருந்தார்கள். இன்று அந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் அவரைத் தவிர்க்க முடியாது. மற்றவர் எடுத்த படம்தான், ஆனால் அதை எந்த இடத்தில் வெட்டி எதன் பக்கத்தில் வைப்பது என்ற முடிவு முழுதும் அவருடையது.

நம் பக்கத்திலும் இது அந்நியமான பழக்கமில்லை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சுப் படங்களாக வீடுதோறும் வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்களுக்குப் பட்டுத் துணியால் சேலை உடுத்தி, ஜரிகை வைத்து, சமிக்கியும் மணியும் தைத்துச் சட்டமிட்டு மாட்டியிருப்பதைக் காணலாம். ராஜஸ்தானில் நாத்துவாராவில் பக்தரின் உடலையும் கோயிலையும் ஓவியர் தீட்டி, முகத்துக்கு மட்டும் புகைப்படத்தை வெட்டி ஒட்டும் வழக்கம் இருந்தது. அருகில் போய்ப் பார்த்தாலொழிய ஒட்டிய விளிம்பு தெரியாது. உங்கள் மகனை ஒருமுறை காரைக்குடிக்கு அழைத்துப் போய் அந்தச் சேலை உடுத்திய லட்சுமியைக் காட்டுங்கள்.

*காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்றில் யாரோ ஒரு குடும்பத்தின் படங்களை மொத்தமாக வாங்கினேன். முன்பின் தெரியாதவர்களின் முகங்களைக் கொலாஜில் வைத்து விற்கலாமா?*
– வாசகர், சென்னை

இதில் சட்டம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். படத்தை விலைக்கு வாங்கியதால் காகிதம்தான் உங்களுடையதாகிறது, படத்தின் பதிப்புரிமை வருவதில்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். படம் பிடித்தவர் அல்லர். உரிமை எத்தனை காலம் என்பதில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அதற்கு முன் வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு என்று இருந்ததை, எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் என்று ஆக்கியது. ஏற்கெனவே காலம் முடிந்தவை முடிந்தவையே. விற்பனை என்று வரும்போது, எந்தப் படத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

மரியாதை விஷயத்தில் என் எல்லைகளைச் சொல்கிறேன். பின்புறத்தில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும் படத்தை நான் பயன்படுத்துவதில்லை, அந்த ஊரில் விசாரிக்க முயல்வேன். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, வீட்டார் சுற்றி நின்று எடுத்துக்கொண்ட படங்கள் இந்தக் கட்டுகளில் அடிக்கடி வரும். பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். அவற்றை நான் தொடுவதே இல்லை. குழந்தைகளின் முகத்தைக் கேலிப் பொருளாக்குவதில்லை. அடையாளம் தெரியாத பெரியவர்களின் படத்தில், முகத்தை விட்டுவிட்டு, மற்றவற்றை எடுத்துக்கொள்வேன்: ஸ்டுடியோத் திரையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டு, முக்காலியின் மேல் வைத்த காகிதப் பூச்சாடி, இரவல் கைக்கடிகாரம் தெரியும்படி முழங்காலில் நீட்டி வைத்த கை. ஒரு காலத்தை முழுதாகச் சொல்ல இவையே போதுமானவை.

*செய்து முடித்ததை லேமினேட் செய்துவிட்டால் பாதுகாப்பாக இருக்காதா?*
– வாசகர், ஈரோடு

வேண்டாம். சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து காகிதத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு எந்தப் பழுதும் பார்க்க முடியாது. கண்ணாடிச் சட்டம் போட்டு, வெயில் நேரே படாத உட்சுவரில், சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் தள்ளி மாட்டுங்கள். செய்தித்தாள் துண்டுகளை மட்டும் அசலாக ஒட்டாதீர்கள். மரக்கூழில் மிஞ்சியிருக்கும் லிக்னினால் அவை பழுத்து நொறுங்கும், அவற்றிலிருந்து கசியும் அமிலம் பக்கத்திலுள்ள தாளையும் கறையாக்கும். இப்போதைய பேருந்துகளில் கருவி துப்பும் சீட்டும் அப்படித்தான். அது வெப்பத்தால் அச்சாவது, சில மாதங்களில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். பழைய வண்ணச் சீட்டுகளுக்கு அந்தக் குறை இல்லை.

*எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். ஆனால் முடிவில் பார்த்தால் அலுவலக அறிவிப்புப் பலகைபோல் இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?*
– வாசகி, கோயம்புத்தூர்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அட்டை 30 செ.மீ.க்கு 40 செ.மீ.; அதில் பதினெட்டுப் புகைப்படங்கள், ஒன்பது சீட்டுகள், ஆறு தபால்தலைகள். ஒவ்வொன்றும் நேர்செவ்வகம், ஏறத்தாழ ஒரே அளவு, ஒன்றை ஒன்று தொடாமல் இருக்கிறது. யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற பாசம் அதில் தெரிகிறது. அந்தப் பாசத்துக்கு ஆல்பம் இருக்கிறது. ஒட்டோவியத்தில் விட்டுவிடத்தான் வேண்டும்.

உங்கள் படத்தில் எனக்குப் பிடித்த ஒரு மூலையை வைத்தே சொல்கிறேன். இடப்பக்கம் கீழே உங்கள் ஐயா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதற்கு இரண்டு வரிசை மேலே, பஞ்சாலையின் ஊதியச் சீட்டு இருக்கிறது. இந்த இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஊதியச் சீட்டை ஸ்கேன் செய்து, அட்டை முழுதும் பரவும் அளவுக்குப் பெரிதாக்கி, வெளிறிய சாயலில் அச்சிட்டு அடித்தளமாக ஒட்டுங்கள். நாள்களுக்கான கட்டங்கள் இப்போது உள்ளங்கை அகலம் ஆகிவிடும். ஐயாவின் உருவத்தை, அச்சுப் பிரதியிலிருந்து, சைக்கிளோடு சேர்த்து வெட்டி எடுங்கள். பின்னணித் திரையும் தரையும் வேண்டாம், சக்கரத்துக்குக் கீழே விழும் நிழல் மட்டும் கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் அவர் அந்தரத்தில் தொங்குவார். வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கை அசையாமல் இருக்கட்டும், தாளைப் பிடித்த கையால் தாளைத் திருப்புங்கள். சக்கரக் கம்பிகளுக்கு இடையில் கூர்முனைக் கத்திதான் நுழையும். பாதிக் கம்பிகளை வெட்டி மீதியை அப்படியே விட்டாலும் கண் அதை நிரப்பிக்கொள்ளும். வெட்டிய விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து ஓரத்தில் ஒருமுறை ஓட்டுங்கள்.

இனி அவரை எங்கே நிறுத்துவது? நடுவில் வேண்டாம். அவர் வலப்பக்கம் பார்க்கிறார், ஆகவே இடப்பக்கம் கீழே நிறுத்தி, அவர் பார்க்கும் திசையில் கட்டங்களை வெறுமையாக விடுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஐயாவின் முகத்தில் ஒளி இடப்பக்கத்திலிருந்து விழுகிறது; சேர்க்கும் மூன்றாவது உருவத்துக்கும் அங்கிருந்தே விழ வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு நன்றாக வெட்டினாலும் இருவரும் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றாது. மூன்றாவதாக நான் உங்கள் அப்பத்தாவின் சிறிய படத்தைத் தேர்ந்தெடுப்பேன். அவரைச் சம்பள நாளின் கட்டத்துக்குள், கட்டை விரல் அளவில் உட்காரவையுங்கள். வண்ணத்துக்கு ஒரே ஒரு அசல் தீப்பெட்டி லேபிள் போதும். உங்களிடம் சிவப்பு நிறத்தில் நான்கு இருக்கின்றன, ஒன்றைத் தாராளமாக ஒட்டலாம்.

பசையை உடனே எடுக்காதீர்கள். துண்டுகளை அட்டையில் வெறுமனே பரப்பி ஒரு வாரம் விடுங்கள், போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றைச் சற்று நகர்த்திப் பாருங்கள், நகர்த்துமுன் ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நான் செய்தவற்றில் பாதிக்கு மேல், ஐந்தாம் நாளில் ஒரு துண்டை எடுத்துவிட்ட பிறகுதான் சரியாக வந்தன. மீதி முப்பது சொச்சத்தையும் உறையில் போட்டு எண் எழுதி வையுங்கள், அடுத்த அட்டைக்கு ஆகும். முடிந்ததும் ஒரு படம் அனுப்புங்கள். அப்பத்தா எந்தக் கட்டத்தில் உட்கார்ந்தார் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.